பிரேக் தட்டில் மூன்று விரல்

எங்கள் வீட்டுக்கு அடியிலுள்ள கெல்லரில், ரயர் அடுக்குக்குப் பின்னால், பழைய துவாயில் சுற்றிய இரும்புத் தட்டு ஒன்று பல வருடங்களாகக் கிடந்தது. சோற்றுத் தட்டைவிடச் சற்றுப் பெரியது. ஓரம் பளபளப்பு, நடுவில் கறுப்புப் பூச்சு. அந்தக் கறுப்பின்மேல் சாம்பல் நிறத்தில் மூன்று கோடுகள். யாரோ மூன்று விரலால் இழுத்தவை என்று பார்த்தவுடனே தெரியும். உடுப்புத் தோய்க்கக் கீழே போகும்போதெல்லாம் அந்த மூலையைப் பார்க்காமல் கடந்துவிடுவேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஆனால் இது சும்மா வந்த பயம் இல்லை. தட்டை என்னிடம் தந்தபோது அத்தான் சொன்னது ஒன்றுதான்: "கொக்காவின்ர கண்ணிலை படாமல் வைச்சிரு."

கொக்கா என்று அவர் சொன்னது என் அக்காவை, தன் மனைவியை. அத்தான் பூம்ப்ளிஸில் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தார். வாய் குறைந்த மனிதர். அவருடைய பங்கையும் சேர்த்து அக்கா கதைப்பாள். பிரேக் வேலை என்றால் மட்டும் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் தொடமுன் சுத்தமான துணி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரை துடைப்பார். எஞ்சினில் எண்ணெய் இல்லாவிட்டால் கார்தான் பழுதாகும், பிரேக்கில் எண்ணெய் பட்டால் ஆள் போய்விடும் என்பார். அவர் விரல் துடைத்து முடியும்வரை பக்கத்தில் நிற்கிறவர்களும் பேசாமல் நிற்போம்.

அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த கார். ஊரில் கலியாண மாப்பிள்ளைகளை ஏற்றித் திரிந்த அதே சாதி. விவசாயி ஒருவரின் கொட்டிலில் கோழி எச்சத்தோடு கிடந்ததைக் கொண்டுவந்து புதுசாக்கினார். நாலு சில்லிலும் ட்ரம் பிரேக். அந்தக் காலத்து ஓட்டத்துக்கு அது போதும். இந்த நாட்டு மலைக்குப் போதாது. ஒருநாள் அக்காவோடு குர்னிகல் மலையால் இறங்கும்போது ட்ரம்கள் கொதித்து, மிதித்த பிரேக் அடிவரை போய்விட்டது. அத்தான் காரைப் புல்வெளிப் பக்கம் ஏற்றி, வேலியில் உரசி நிறுத்தினார். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அக்கா அன்றைக்கு மலையிலிருந்து தபால் பஸ்ஸில் தனியாக இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு அந்தக் காரில் கால் வைக்கவில்லை. அத்தானுக்கு அது பெரிய அடி. அக்காவைப் பக்கத்தில் இருத்தி ஓடுவதற்காகவே வாங்கிய கார் அது.

அதனால்தான் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் போட முடிவெடுத்தார். பழைய வாகனங்களை உடைக்கும் இடமொன்றில், அதே வகையில் சில வருடம் பிந்திச் செய்த கார் ஒன்று பின்பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதன் பிரேக் தட்டுகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர்கள், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்தார். தட்டுகளைக் கடைந்து மினுக்கி, அவற்றை அழுத்தும் பேட் கட்டைகளைப் புதிதாக வாங்கினார். நடுப்பகுதி கறள் பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பூச்சு அடித்தார். சாமான்களை வீட்டு மேசையில் பரப்பிவைத்து அவர் மகிழ்ந்துகொண்டிருக்க, அக்கா தள்ளி நின்று கேட்டாள்: "அந்தக் காரிலை வந்த ஆக்கள் தப்பினவையோ?"

தனக்கு என்னவென்று தெரியும், தப்பியிருப்பார்கள் என்றார் அத்தான். அக்காவுக்கு அந்தப் பதில் போதவில்லை. செத்தவர்களின் சாமானாக இருந்தால் கழிப்புக் கழித்துத் தோஷம் நீக்க வேண்டும், அல்லது ஐயரிடமாவது காட்ட வேண்டும் என்றாள். அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை கராஜில் வேலை நடந்தது. குழாய்களிலிருந்து காற்றெடுக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனார். நான் சாரதி இருக்கையில் இருந்து மிதிக்க, அவர் சில்லடியில் படுத்திருந்து குரல் கொடுத்தார். அமத்து, பிடி, விடு. முதலில் மெத்தையை மிதிப்பதுபோல் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் காலுக்கடியில் கல் மாதிரி நின்றது. சொன்னேன். எட்டிப் பார்த்தேன், அத்தான் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார்.

மத்தியானம் அக்கா சோறு கொண்டுவந்தாள். நாங்கள் உள் அறையில் இருந்து சாப்பிட, அவள் கராஜைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று வெளியில் நின்றாள். சாப்பிட்டுவிட்டு வந்ததும் அத்தான் அவசரமாகச் சில்லுகளைப் பூட்டினார். கராஜ் பூட்ட நேரமாகிவிட்டது. முற்றத்தில் மெதுவாக ஓடிப் பார்த்தபோது கார் நின்றது, ஆனால் நினைத்த மாதிரிப் பிடித்து நிற்கவில்லை. புது பேட், தட்டோடு பழகினால் சரிவரும் என்றார். உண்மைதான், புது பேட் அப்படித்தான். அவருக்கு அந்தத் தொழில் தெரிந்திருந்ததுதான் அன்றைக்கு வினையாகிவிட்டது.

திங்கள் காலை எம்.எஃப்.கா என்ற வாகனச் சோதனை நிலையத்தில் காரைக் காட்ட நேரம் கிடைத்திருந்தது. பிரேக்கை மாற்றினால் அரசாங்கச் சோதனை கட்டாயம். தவறவிட்டால் மறுபடி நேரம் எடுக்க மாதக்கணக்காகும். புறப்படும்போது அக்கா தானாக வந்து முன்கதவைத் திறந்து ஏறினாள். அத்தான் அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் பின்னால் இருந்தேன். இரண்டு சந்தி தாண்டியதும் காருக்குள் மெல்லிய வாசம் வந்தது. நெய் எரியும் வாசம், ஓமகுண்டத்தடியில் நிற்பதுபோல. "கோயில் மணக்குது" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

தெரு கீழ்நோக்கிச் சரிந்தது. அடியில் மஞ்சள் கோடு போட்ட கடவை. அதன் ஓரத்தில் கிண்டர்கார்டன் பிள்ளைகள், கழுத்தில் மின்னும் முக்கோணப் பட்டியோடு, கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தான் மிதித்தார். கார் நிற்கவில்லை. அவர் கால் விறைத்து நீண்டிருந்ததையும், முதுகு இருக்கையில் பதிந்ததையும் பின்னால் இருந்து பார்த்தேன். பெடல் அடிக்குப் போகவில்லை, கல் மாதிரித்தான் நின்றது. கார் மட்டும் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. அத்தான் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். பின்சில்லில் பழைய ட்ரம் அப்படியே இருந்ததால் அது பிடித்தது. கார் அலறிக்கொண்டு மஞ்சள் கோடுகளைத் தாண்டிப்போய் நின்றது.

பிள்ளைகள் கோட்டில் கால் வைத்திருக்கவில்லை. இங்கே பொலிஸ்காரர் கிண்டர்கார்டனுக்கே வந்து, சில்லு முழுதாக நின்ற பிறகுதான் தெருவில் இறங்க வேண்டும் என்று படிப்பித்துவிட்டுப் போவார். அந்தச் சின்னதுகள் படித்ததை அப்படியே செய்திருந்தன. கார் நின்றபின் வரிசையாகக் கடந்தன. ஒரு பிள்ளை எங்களுக்கு நன்றி சொல்லிக் கையும் காட்டியது. நான் அந்தக் கையைக் கனவில் கண்டு எழும்பியிருக்கிறேன்.

முதல் கியரிலும் கைப்பிரேக்கிலும் ஊர்ந்து கராஜுக்குத் திரும்பினோம். அக்காவை உள்ளே இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு அத்தான் சில்லைக் கழற்றினார். கறுப்புப் பூச்சின்மேல் மூன்று கோடுகள். ஈரத்தில் பிரேக் தூசி ஒட்டித் துலங்கியிருந்தன. அவர் ஒரு கோட்டைத் தொட்டு மணந்து பார்த்தார். பிறகு விரலை என் மூக்கடிக்கு நீட்டினார். ரட்சை. கோயிலில் ஓமம் முடிய, கரியை நெய்யில் குழைத்துக் கொடுப்பார்களே, அதே மை. நடுவில் மூன்று விரலால் பூசி, மிச்ச நெய்யை மினுக்கிய ஓரம் முழுக்கத் தடவியிருந்தாள் அக்கா.

அவர் உள்ளே போய் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பற்றியே கதைக்கிறவள். இதைக் கேட்டால் உடைந்துபோவாள். அத்தான் கைகளைத் துடைத்துக்கொண்டு போய், "நான்தான் கிறீஸ் கையோடை தொட்டிட்டன்" என்றார்.

அக்கா நம்பினாள். பேட்டுகளையும் தட்டுகளையும் மாற்றி, கார் பிறகு சோதனையில் குறை ஒன்றும் இல்லாமல் தேறியது. ஆனால் கை கழுவாத மனிசனை நம்பி இனி ஏறமாட்டேன் என்று அக்கா சொன்னது சொன்னதுதான். உறவுக்காரர் வீடுகளிலும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அத்தானும் கூடச் சிரிப்பார். ஞாயிறுகளில் காரைத் தனியாக ஓட்டிப் போய்த் தனியாக வருவார். கடைசிவரை அப்படித்தான். போன மாரியில் இதயம் நின்று போய்விட்டார்.

இந்த வசந்தத்தில் அக்காவின் மகள் வின்டர்தூரிலிருந்து வந்தாள், காரைத் தான் எடுப்பதாக. முற்றத்தில் குளிர்கால ரயர்களைக் கழற்றிவிட்டு, மற்றவற்றை எடுக்கப் போயிருந்தாள். முன்சில்லு இல்லாமல் தட்டுகள் வெயிலில் மினுங்கின. அக்கா கையில் ஒரு சிமிழோடு படியால் இறங்கி வந்தாள்.

"பிள்ளை ஓடப்போறாள். அண்டைக்கு நான் களவாப் பூசினபடியால்தான் அந்தக் குஞ்சுகள் தப்பினதுகள். கொத்தானுக்குச் சொன்னால் ஏசுவார் எண்டு சொல்லேல்லை" என்றாள். விரல்கள் ஏற்கெனவே கறுத்து, நெய்யில் மினுங்கின.

கையைப் பிடித்து நிறுத்தி, அவளைப் படியில் இருத்தினேன். பிறகு கெல்லருக்குப் போய்த் துவாயோடு அந்தத் தட்டை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். அத்தான் அன்றைக்கு மணந்து பார்த்ததை, நெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தன் மூன்று விரலையும் அந்தக் கோடுகளுக்கு மேலே, தொடாமல் பிடித்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

"அவருக்குத் தெரியுமோ?"

"ஓம், அக்கா."

சிமிழை மூடினாள். துவாயை எடுத்து விரல்களைத் துடைக்கத் தொடங்கினாள், ஒவ்வொன்றாக, நகக்கண் வரை. துடைத்து முடிந்தும் நிறுத்தவில்லை.

"கை கழுவாத மனிசன் எண்டு ஊரெல்லாம் சொன்னனான்" என்றாள்.