எறும்பு கடித்தது தெரியவில்லை

“ஐப்பசி 7. அவருக்கு வலது முழங்கைக்குக் கீழே தேமல். களிம்பு வாங்கினோம்.” இது என் டைரியில் உள்ள வரி. நடவு வெயிலில் வந்ததென்று நானே முடிவு செய்து, மூன்று மாதம் களிம்பை மாற்றி மாற்றித் தடவினேன்.

தை மாதம், அறுப்பு மிஷினுக்காக என் கணவர் வரப்பில் காத்திருந்தார். அந்தத் தேமலைக் கட்டெறும்பு ஒன்று கவ்விக்கொண்டிருந்தது.

“ஏங்க, கட்டெறும்பு! தட்டி விடுங்க.”

“எங்க? ஒண்ணும் தெரியலையே.”

“எருமைத்தோலு உங்களுக்கு” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா அவரைக் கண்மூடச் சொல்லி, பேனா முனையால் கையைத் தொட்டுப் பார்த்தார். தேமலில் தொட்டது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

“தொழுநோய்தாங்க, ஆரம்பம். மாத்திரையிலேயே குணமாயிடும்.”

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தன் டம்ளரைத் தனியே எடுத்து வைத்தார். “டாக்டரம்மா அப்படிச் சொல்லலையே” என்று அதிலேயே நான் காபி குடித்தேன்.

இப்போது வீட்டில் யாருக்குத் தேமல் வந்தாலும், களிம்பைத் தேடாமல் முதலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அந்த ஐப்பசிக்கு முந்தைய வைகாசியில் மகள் வளைகாப்பில் எடுத்த படத்திலும் அவர் கையில் அதே இடம் வெளிறித் தெரிகிறது. அது நோயா, பந்தல் வெளிச்சமா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.