குளிரு வராத காலை

பனிமலையில சுரங்கம் தோண்டுற எடத்துக்கு வெல்டிங் வேலைக்குப் போனோம், நானும் என் மச்சானும். கும்மிடிப்பூண்டில இரும்பு உருக்குற ஃபேக்டரில வெந்துக்கினு இருந்தவனுங்க. மொதல் வாரம் வெய்யில் அடிச்சதும் குஷியாயி, ஸ்வெட்டர கயட்டிப் போட்டுட்டு மலைச் சரிவுக்குக் கீய குந்திக்கினு சப்பாத்தி துன்னோம். சேஃப்டி சாரு விசில் ஊதிக்கினே ஓடியாந்தாரு. அங்க வெய்யிலுதான் வில்லனாம். புதுசா கொட்டுன பனி சூட்டுல தண்ணி கோத்துக்கினு மொத்தமா சரிஞ்சி எறங்கிடுமாம். மேலேர்ந்து குட்டிக் குட்டி உருண்டையா பனி உருண்டு வந்தா, கீய நிக்கவே கூடாதாம்.

அந்த வருசம் பொங்கல் சமயத்துலயே வெய்யில் காஞ்சிச்சி. பகல்ல அந்தச் சரிவுக்குக் கீய ஊருக்குப் போற ரோட்ட மூடிடுவாங்க. ராவுல பனி இறுகி கல்லாட்டம் ஆனாதான், விடிகாலைல தாண்ட உடுவாங்க.

என் பொண்டாட்டி மாசமா பெரியபாளையத்துல அவங்கம்மா ஊட்ல இருந்தா. போன்ல தெனம் இதே பேச்சு.

"புள்ள பொறக்கும்போது வெளிய நிப்பியா மாட்டியா?"

"வெளிய இன்னாத்துக்கு, உள்ளயே வந்து டாக்டருக்கு கத்தி எடுத்துக் குடுக்கறேன்."

"ஜோக்கு வேணா. நீ வா, போதும்."

லீவு கெடச்சிது. கெளம்புறதுக்கு மொத நாளு ராத்திரி மேகம் மூடிக்கிச்சி, குளிரே இல்ல. நம்மூர்ல மேகம் போட்டா சொகம்தானே. காலைல கையில உறை கூட மாட்டாம பைய தூக்கிக்கினு கெளம்பிட்டேன். வழியனுப்ப வந்த மச்சான் பனில கால வெச்சான். முட்டி வரைக்கும் உள்ள போயிடுச்சி.

"மாமா, கெட்டி ஆவவே இல்ல. மேகம் கம்பளி மாதிரி போத்திக்கிச்சி."

"சைன்டிஸ்ட்டு வந்துட்டாரு. ஒரே ஓட்டம், அந்தாண்ட போயிடுவேன்."

"போ. எங்கக்கா கேட்டா, அந்தாண்டயே போயிட்டாருன்னு சொல்லிடறேன்."

அண்ணாந்து பாத்தேன். சரிவு சாதுவா வெள்ளையா இருந்துச்சி. அதுலேர்ந்து ரெண்டு மூணு உருண்டை உருண்டு வந்து ரோட்டோரம் நின்னுச்சி. பைய கீய போட்டு அது மேலயே குந்திட்டேன்.

அன்னிக்கி பூரா அந்த மலையத்தான் பாத்துக்கினு இருந்தேன். ஒரு பிடி பனி கூட சரியல. சரிஞ்சிருந்தா மனசாவது ஆறியிருக்கும்.

மறுநாளு வானம் தெளிஞ்சி பல்லு கிட்டுற குளிரு. தாண்டி வந்து ரயிலப் புடிச்சேன். நான் ஊரு எறங்குறதுக்கு மொத நாளே பொண்ணு பொறந்துட்டா.

இப்ப தேர்வாய் கண்டிகைல வேலை, தெனம் சாய்ந்தரம் ஊட்டுக்கு வந்துடறேன். பொண்ணு மீசையப் புடிச்சி தொங்குறா. ஆனா பொறந்த ஒடனே அவ எப்டி அழுதான்னு யாருனா பேச்செடுத்தா, நான் வாயப் பாத்துக்கினு இருப்பேன். பூன மாதிரின்னு மாமியாரு சொல்லும். இல்ல, ஆஸ்பத்திரியே அதிர்ந்துச்சின்னு பொண்டாட்டி சொல்லுவா. மச்சான் லீவுல வந்தா தொண்டையக் கனைச்சிக்கினு அழுதே காட்டுவான். அவனும் அப்ப பனிலதான் கெடந்தான். தெரிஞ்சும் நான், "இன்னொரு தபா அழுவுடா"ன்னு கேப்பேன்.