ஊர் பார்க்க வந்த மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து குடியிருக்க வேண்டும். வீடு பெண்ணுக்கு. அதனால் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குப் பேசிய கொழும்பு மாப்பிள்ளை, ஊரை ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று ஆளனுப்பியபோது வாப்பாவுக்கு அது நியாயமாகவே பட்டது. பெண்ணைப் பார்க்கும் வழக்கம் அந்த ஐம்பதுகளில் எங்களுக்கு இல்லை. ஊரைத் தாராளமாகப் பார்க்கலாம். கூட்டிக்கொண்டு திரியும் வேலை என் தலையில் விழுந்தது. ராத்தாவின் வாழ்வு அந்த மனிசனின் வாயில் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

கல்முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே எனக்கு ஆளைப் பிடிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி, பளபளவென்று சப்பாத்து, வேகிற வெயிலில் கோட்டு. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவர். நடையைப் பார்த்தால் கவர்னர் துரை தோற்றுப்போவார்.

முதலில் கடற்கரை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கரையேறி மீன் துள்ளினால் எங்கள் ஊரில் வேலை உள்ளவன், அற்றவன் எல்லாரும் ஓடிப்போய் நிற்பார்கள். இவர் கோட்டுப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கொழும்புல, காலிமுகத்திடல் கடற்கரையில இந்த நாத்தம் இல்ல தம்பி."

அங்கே யார் மீன் பிடிக்கிறார்கள் என்று கேட்க நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு மருதமுனை. சைக்கிளை நான் மிதிக்க, அவர் பின்னால் கரியரில் அரிசி மூட்டை மாதிரிக் குந்தியிருந்தார். மணலில் சில்லுப் புதைந்தால் இறங்கி நடக்கும் மரியாதைகூடத் தெரியாத பிறவி. அங்கே வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். ஒரு தறிக்காரர் புதுச் சாரனை விரித்துக் காட்ட, இவர் அதன் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துச் சாயம் போகுதா என்று பார்த்தார். தறிக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

வயல் பக்கம் வெள்ளாமை பச்சைப்பசேலென்று நின்றது. வரம்பில் இறங்கினால் சப்பாத்துச் சேறாகிவிடுமாம். ரோட்டில் நின்றபடியே எங்கள் காணி எதுவரை என்று கேட்டார்.

கேள்விக்கு மட்டும் குறைவே இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பா? படம் காட்டுகிற இடம் உண்டா? காலையில் பேக்கரியில் சுடச்சுடப் பாண் கிடைக்குமா? கடற்காற்றுக்கு ஓட்டுக் கூரை தாங்குமா? தேத்தண்ணிக் கடையில் வாங்கிக் கொடுத்த பணியாரத்தை ஒன்று விடாமல் தின்று முடித்துவிட்டு, "பாக்க வேற ஒண்டும் இல்லையா?" என்றார்.

பின்னேரம் வாப்பாவிடம், எங்களுக்கு ஏதோ பிச்சை போடுகிறவர் போல, "பரவாயில்ல, இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். வாப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"ஓம் எண்டுட்டாரு மகள், அல்ஹம்துலில்லாஹ்!"

ராத்தா குசினிக் கதவடிக்கு வந்தாள். வாப்பாவை விட்டுவிட்டு என்னிடம்தான் கேட்டாள்.

"தம்பி, என்னப் பத்தி என்ன கேட்டாரு?"

காலையிலிருந்து அவர் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அதுவரை அந்த ஆளைப் பிடிக்காமல்தான் இருந்தது. அப்போதுதான் அருவருப்பே வந்தது.

"ஒண்டும் கேக்கல்ல ராத்தா."

ராத்தா ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வாப்பா பக்கம் திரும்பினாள்.

"ஊரப் பாத்துத்தானே ஓம் எண்டாரு? அப்ப ஊரையே அவருக்கு முடிச்சுக் குடுங்க வாப்பா."