சவுரிராயன் நன்றாக நடக்கிறார்

சவுரிராயன் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். முகம் வீட்டைப் பார்த்திருக்கும், முதுகு தெருவைப் பார்த்திருக்கும், இரண்டு கைகளும் கம்பியில். பதினாறு படிக்குப் பதினொரு நிமிடம். திண்டிவனத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தால் விளக்கமும் கிடைக்கும்: "நான் ஸ்டாப்பருங்க. ஸ்டாப்பரு பின்னாடியே போய்க்கினுதான் ஆடுவான். முன்னாடி ஓடறவன் ஃபார்வர்டு."

வயது அறுபத்திரண்டு. சென்னையில் ஒரு கம்பெனி அணிக்கும் கல்கத்தாவில் ஒரு கிளப்புக்குமாகப் பதினேழு ஆண்டுகள் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர். உதைத்தது பாதி, முட்டியது மீதி. கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் என்பதால், உயரப் பந்து எது வந்தாலும் நெற்றியைக் கொடுப்பது அவர் இலாகா. மழைக்காலத்தில் தோல் பந்து தண்ணீர் குடித்துப் பூசணிக்காய் எடைக்கு வந்துவிடும். அதற்கும் அதே நெற்றிதான்.

அந்தப் பூசணிக்காய்கள் இப்போது அவர் ஞாபகத்துக்குப் பதில் மரியாதை செய்கின்றன. கடலை எண்ணெய் வாங்கப் போகிறவர், கடை வாசலில் நின்று தாம் வந்த காரியம் என்ன என்று யோசிப்பார். கடைக்காரர் சீனுவாசன் அவசரப்படுத்த மாட்டார். சவுரிராயனின் மனைவி அமலாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "மல்லாட்ட எண்ணெ அர லிட்டரு, சரிங்களா கேப்டன்?" என்பார். "அதத்தான நான் சொல்லிக்கினு கீறேன்," என்பார் இவர். மகள் வெனிலாவை ஆடி மாதத்திலிருந்து "ராயப்பா" என்று கூப்பிடுகிறார். ராயப்பன் அவருடைய பழைய கோல்கீப்பர். வெனிலா முதலில் திருத்திப் பார்த்தாள். இப்போது ராயப்பனாகவே சோறு போடுகிறாள்.

முழங்கால் கதை தனி. வீங்கிய முட்டியில் கிளப் டாக்டர் ஊசி போடுவார். வலி தொண்ணூறு நிமிடம் லீவில் போகும். ஆட்டம் முடிந்ததும் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். மொத்தம் நாற்பத்து மூன்று ஊசிகள். மகள் பெயர் நழுவினாலும் இந்த எண்ணிக்கை மட்டும் நழுவவில்லை. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய மெத்தை எக்ஸ்ரேயில் தேடினாலும் கிடைப்பதில்லை. இரண்டு முட்டியையும் மாற்றாவிட்டால் அடுத்த வருடம் படுக்கைதான் என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டில் இலவசமாகவே மாற்றலாம். விழுப்புரத்தில் எலும்பு டாக்டர் கவிதா ஆளைப் பார்த்து, நடக்க முடியவில்லை என்று எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான்.

அங்கேதான் சிக்கல். டாக்டர் முன்னால் நொண்டக் கூடாது என்பது சவுரிராயன் தொழிலில் கற்ற முதல் பாடம். "நொண்டனன்னு வச்சிக்கோங்க, அடுத்த மேட்ச்சு பெஞ்சு. அதுக்கடுத்த மேட்ச்சு வூடு." கழுத்தில் எதையாவது மாட்டிக்கொண்டு கையில் தாளோடு நிற்பவர், மாட்டியது விசிலானாலும் ஸ்டெதஸ்கோப்பானாலும், அவருக்குத் தேர்வாளர்தான். ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கிய மனிதர், டாக்டரைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு மணமேடைக்குப் போகும் மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

"வலி இருக்கா?"

"இல்லீங்க. ஃபிட்டு."

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "யாரோட எக்ஸ்ரேம்மா இது?" என்று அமலாவைக் கேட்டார். இரண்டாம் முறை அங்கேயே புதிதாக எடுத்துப் பார்த்தார்கள். சவுரிராயன் முதல் முறையைவிட நன்றாக நடந்தார்.

மூன்றாம் முறை போன வாரம். இதோடு காப்பீட்டு விண்ணப்பத்தை மூடிவிடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் வழி நெடுக அமலா பாடம் நடத்தினார்.

"வலிக்குதான்னு கேட்டா வலிக்குதுன்னு சொல்லணும். தெரிதா?"

"தெரிதும்மா."

"இன்னா சொல்லுவீங்க?"

"ஃபிட்டுன்னு."

அதன் பிறகு விழுப்புரம் வரை அமலா ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தார். நன்றாக நடக்கிறார் என்று எழுத, டாக்டர் பேனா மூடியைத் திறந்தார். அமலா கணவரின் காதருகே போய்ச் சொன்னது இதுதான்: "அஞ்சு நிமிசந்தான் பாக்கி கீது. நாம ஒரு கோலு லீடு. டைம் கடத்துங்க."

சவுரிராயன் அந்தக் கணமே விழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு உருண்டல், ஒரு கை மேலே, கண் மூடியபடி. ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியின் ஸ்டாப்பர் நேரம் கடத்த இப்படித்தான் விழ வேண்டும். தொழில் சுத்தம்.

"எழுந்திருங்க ஐயா. நடிக்காதீங்க," என்றார் டாக்டர்.

நடிப்பு முடிந்துவிட்டது. எழுந்திருக்கத்தான் பார்த்தார். மடங்கிய முட்டி நிமிரவில்லை. கையை ஊன்றினார், மேசைக் காலைப் பிடித்தார், நெற்றி வேர்த்தது. "அமலா, நெசமாவே முடிலடி," என்றார், யாருக்கும் கேட்கக் கூடாத குரலில். டாக்டருக்குக் கேட்டது. ஊழியர்கள் இருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

டாக்டர் எழுதத் தொடங்கினார்.

"இன்னா எழுதறீங்கம்மா?"

"முடியலன்னுதான்யா எழுதறேன்."

"அன்ஃபிட்டா?"

"ஆமாங்கய்யா."

அமலா கைகூப்பினார். சவுரிராயன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு ஆண்டுகளில் அந்த வார்த்தையை எவரையும் எழுத விட்டதில்லை.

சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகையூரிலிருந்து இடுப்புவலியோடு வந்த ஒரு அம்மா, அடுத்த டோக்கனோடு வாசலில் நின்றிருந்தார். சவுரிராயன் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தினார். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் தம் கைகளை நீட்டினார். மைதானத்தை விட்டு வெளியேறுகிறவர் மாற்று ஆட்டக்காரரின் கையைத் தட்டுவதைப் போல, இரண்டையும் ஒரு தட்டுத் தட்டி, அவரை உள்ளே அனுப்பிவைத்தார்.