நான் விழாத படிக்கட்டு

ஆண்டவரை நம்புகிற உங்களிடம் ஒரு பொய்யைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். 1987ஆம் ஆண்டு தவக்காலத்தில் அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்தான். அது அகப்படக் கூடாது என்று செபமும் செய்தேன். செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, என் பொய்க்குக் காவல் நிற்கும்படி மாதாவைக் கெஞ்சினேன். அந்த நாட்களில் என் வலது கால் கெட்டுக்கொண்டிருந்தது. காலை எடுக்க வேண்டி வரலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

என் பெயர் செபஸ்தியான். யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவன். கடலுக்குப் போகாத நாளெல்லாம் எங்களுக்குக் கால்பந்துதான். 1985 ஐப்பசியில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தேன். மனைவி றெஜினாவும் கைக்குழந்தையும் ஊரில். என்னை வட ஜெர்மனியில் ஒரு சிறு ஊருக்கு அனுப்பினார்கள். மூடிக் கிடந்த பழைய விடுதி ஒன்றுதான் எங்கள் ஹைம், அகதிகள் தங்குமிடம். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டும். கடிதமில்லாமல் பிடிபட்டால் தண்டனை. வழக்கும் அதோடு கெட்டுப்போகும் என்று எங்கள் பெடியளுக்குள் ஒரே பேச்சு. வழக்குத் தோற்றால் திரும்ப ஊருக்குத்தான் அனுப்புவார்கள்.

சாப்பிடுவது, படுப்பது, தபால்காரனைப் பார்ப்பது என்று ஒரு குளிர்காலம் போனது. மனம் செத்துவிட்டது. அடுத்த வசந்தத்தில் ஊர்க் கழகத்தின் பயிற்சியாளர் பெஹ்ரன்ஸ், நாங்கள் வெறுங்காலோடு விளையாடுவதை வேலியோரம் நின்று பார்த்தார். ஓய்வுபெற்ற தபால் ஊழியர். என்னை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டார். இரண்டு கிழமையில் என் படம் ஒட்டிய ஆட்டக்காரர் அட்டை வந்தது. ஜெர்மனியில் என் பெயருக்கு வந்த முதல் நல்ல கடதாசி அதுதான்.

அவர் என்னை லீபெரோவாக நிறுத்தினார். மற்றத் தடுப்பாளர்கள் ஆளுக்கொரு எதிரியைப் பிடித்துக்கொண்டு ஓட, லீபெரோ ஒருவன் மட்டும் எவரையும் பிடிக்காமல் எல்லோருக்கும் பின்னால் நிற்பான். தப்பி வரும் பந்து அவனுடையது. வெளியூர் ஆட்டம் எல்லைக்கு அப்பால் என்றால், வியாழக்கிழமையே பெஹ்ரன்ஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அலுவலகத்தில் கடிதம் வாங்கித் தருவார். ஒரு முறைகூட அவர் மறந்ததில்லை.

அந்த மாரியில் தொடர்ந்து தோற்றோம். கழகம் பெஹ்ரன்சை வீட்டுக்கு அனுப்பியது. புதிதாக வந்தவர் இளைஞர். அவருக்கு லீபெரோவே வேண்டாம். தடுப்பாளர் நால்வரும் ஒரே வரிசையில் நின்று, ஒன்றாக முன்னேறி, எதிரியை ஓஃப்சைட்டில் விழுத்த வேண்டும். எனக்கோ பந்து வந்தால் கால் தானாகவே பின்னுக்குப் போகும். நான் ஒருவன் பின்னுக்குப் போனால் வரிசை முழுவதும் பிழை. அவர் தம் பழைய கழகத்திலிருந்து இருவரைக் கொண்டுவந்தார். அதில் ஒருவன் என் இடத்தில் நின்றான். நான் மைதானத்துக்கு வெளியே மாற்று ஆட்டக்காரர் வாங்கில் குந்தினேன்.

ஒரு வகுப்புக் கீழே விளையாடிய பக்கத்து ஊர்க் கழகம் என்னைக் கேட்டது. அவர்களுடைய மைதானங்கள் எல்லாம் எங்கள் மாவட்டத்துக்குள்தான். கடிதத் தொல்லையே இல்லை. ஆனால் கழகம் மாறப் பழைய கழகம் சம்மதம் தர வேண்டும். சம்மதமில்லாமல் போனால் அரை ஆண்டு விளையாட முடியாது. எங்கள் கழகம் சம்மதம் தரவில்லை. விளையாடவும் விடவில்லை, போகவும் விடவில்லை. வைக்கோற்போர் நாய் கதைதான்.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு காலையில் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். புதிய பயிற்சியாளர் காரில் வந்து இறங்கினார். என் இடத்தில் விளையாடியவனுக்குக் காய்ச்சலாம். ஆட்டம் எல்லைக்கு அப்பால். ஞாயிறு அலுவலகம் பூட்டு.

"பந்து மைதானத்தில் யார் கடிதம் பார்க்கப்போகிறார்கள்?" என்றார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், ஆண்டவரைவிட அந்த இடம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பூசைக்குப் போட்ட சட்டையோடே காரில் ஏறினேன்.

இரண்டாம் பாதியில் கால் முறிந்தது. எல்லோரும் வரிசையாக முன்னேற, நான் பழக்கத்தில் பின்னுக்குப் போய், பந்தோடு தனியே வந்த எதிரியின் காலுக்குள் விழுந்தேன். சத்தம் எனக்கே கேட்டது. முழங்காலுக்குக் கீழே தோல் பிளந்து, சேறும் இரத்தமும். யாரோ அம்புலன்சுக்கு ஓடினார்கள். "வேண்டாம், வேண்டாம்" என்று நான்தான் கத்தினேன். அம்புலன்ஸ் வந்தால் எந்த ஊரில் விழுந்தான் என்று எழுதுவார்கள். அங்கே நான் இருக்கவே கூடாது. காரின் பின்சீட்டில் போட்டு ஹைமுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

என் அறையில் இருந்தவர் ராசன் அண்ணை. முருக பக்தர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலைப் பார்த்ததும் அவருடைய முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, இது விளையாட்டில்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஏலாது அண்ணை. எங்க விழுந்தனெண்டு கேப்பாங்கள். நாளைக்குத் திங்கக்கிழமை. ஹவுஸ்மைஸ்டர் காலமை படி கழுவுவார். அதில சறுக்கி விழுந்ததெண்டு சொல்லுவம்."

"அந்த மனுசன்ர தலையிலயோ போடப்போறாய்?"

"ஒருத்தரும் பெரிசா எடுக்கமாட்டினம். காலைக் கழுவிவிடுங்கோ."

அவர் அழுதுகொண்டே கழுவினார். விடியும் வரை துவாயைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். காலையில் வாளிச் சத்தம் கேட்டு, படி நனைந்தபின், ராசன் அண்ணை என்னைத் தாங்கிக் கொண்டுபோய்க் கீழ்ப்படியில் இருத்தினார். பிறகுதான் சத்தம் போட்டோம்.

ஹவுஸ்மைஸ்டர் வில்கே ஓடிவந்தார். ஹைமைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். குழாயிலிருந்து கொதிகலன் வரை எல்லாம் அவர் கைதான். அம்புலன்ஸ் வரும்வரை ஈரப் படியில் முழந்தாளிட்டு என் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இன்று காலை நடந்த காயம் என்று எழுதினார்கள். எலும்பைப் பொருத்திக் காயத்தைத் தைத்தார்கள். புதன்கிழமை காய்ச்சல் ஏறியது. கால் வீங்கி மணக்கத் தொடங்கியது. ஒரு புதிய காயம் ஏன் இவ்வளவு கெதியாகக் கெடுகிறது என்று வைத்தியருக்கு விளங்கவில்லை. இன்னும் ஏறினால் காலை எடுக்க வேண்டி வரும் என்று கையால் காட்டி விளக்கினார். எனக்குத் தெரிந்த காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் ஊர், சொல்லாவிட்டால் கால். நான் காலைக் கொடுக்கத் துணிந்தேன். போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, மாதாவே, ஒருவரும் ஒன்றும் கேட்கக் கூடாது" என்று மன்றாடினேன். அதுதான் என் செபம். வேறு செபம் எனக்கு வரவில்லை.

வியாழன் பின்னேரம் வில்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டிருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் இருந்தார். படிக்கட்டை விசாரிக்க மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்களாம். அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்களாம். அதைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை. என் கையைப் பிடித்தார்.

"நான் தண்ணீரைத் துடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். துடைக்கவில்லை போலிருக்கிறது. நான் கிழவனாகிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்."

அவர் அழுதார். என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒருவரும் கேட்கக் கூடாது என்று மூன்று நாளாக மன்றாடினேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்பு மட்டும்தான் கேட்டார். அதுவும் என்னிடம்!

எனக்கு அப்போது வந்தது மைதானத்து ஜெர்மன்தான். இடது, வலது, பின்னுக்கு, ஆள் வருகிறான். அதை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"படி இல்லை. பந்து. ஞாயிறு. எல்லைக்கு வெளியே. படி பொய். நான் பொய்."

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. என் கையை விட்டார். எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பொலிசுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தது. ஆனால் நெஞ்சில் நான்கு நாளாக இருந்த கல் இறங்கிவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அதில் பாதிக் கெட்டிக்காரன்.

பத்து நிமிடத்தில் வில்கே திரும்பி வந்தார். வைத்தியரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "ஞாயிறு! சேறு! ஞாயிறு!" என்று அவரிடம் சத்தம் போட்டார். வைத்தியர் தலையில் கை வைத்தார். ஒரு நாள் பழசான, மண் பட்ட காயம் என்று தெரிந்திருந்தால் தைத்து மூடியிருக்கவே மாட்டாராம். உடனே கொண்டுபோய்த் தையலைப் பிரித்தார்கள். பிறகும் இரண்டு முறை வெட்டிக் கழுவினார்கள். பெரிய வெள்ளியன்று நான் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். ஆனால் இரண்டு காலோடு இருந்தேன். ஆண்டவருக்கு நன்றி.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாரணைக்கு டெர்மின், அதாவது நாள் குறித்து, கடிதம் வந்தது. ஊன்றுகோலோடு போனேன். கழகம் கைவிட்டது. நான் என்பாட்டில் ஆட்டம் பார்க்க வந்தவன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அழையாமலே பெஹ்ரன்ஸ் வந்து, முன்பு இவன் கடிதமில்லாமல் ஒரு நாளும் வந்ததில்லை என்று சொன்னார். வில்கேயும் வந்து பக்கத்தில் நின்றார். அதிகாரி சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. எல்லாவற்றையும் எழுதி, தண்டனையும் எழுதினார். அது என் வழக்கில் சேரவில்லை. வில்கேயின் வேலையும் போகவில்லை.

அதன்பின் நான் விளையாடவில்லை. வலது கால் இடது காலைவிடக் கட்டையாகிவிட்டது. இன்றும் குளிருக்கு உளையும். சில ஞாயிறுகளில் மைதானத்துப் பக்கம் போகாமல் சுற்றுப்பாதையால் நடப்பேன். அந்தத் துக்கம் எடுபடவில்லை. எடுத்துவிடு என்று நான் கேட்கவும் இல்லை.

1988 கடைசியில் வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்தது. அடுத்த ஆண்டு றெஜினாவும் மகளும் வந்தார்கள். விமான நிலையத்தில் நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து றெஜினா அப்படியே நின்றுவிட்டாள். கடிதங்களில் எல்லாம் நான் நன்றாக விளையாடுவதாகத்தான் எழுதியிருந்தேன்.

"என்னப்பா இது காலுக்கு?"

ரயிலில் முழுவதையும் சொன்னேன். படியைச் சொன்னேன், வாளிச் சத்தத்துக்குக் காத்திருந்ததையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த மனுசன் இப்ப எங்க?"

"எங்களுக்கு வீடு பாத்துத் தந்ததே அவர்தான். வீட்டுத் திறப்போட வாசலில நிப்பார்."

"அப்ப வீட்டுக்குள்ள போக முதல் நான் அவரிட்ட மன்னிப்புக் கேக்கோணும்" என்றாள்.

அப்படித்தான் செய்தாள். தமிழில் கேட்டாள். வில்கே தொப்பியைக் கழற்றினார்.

சகோதரங்களே, நான் கேட்டதை ஆண்டவர் தந்திருந்தால் என் கால் போயிருக்கும், ஒரு நல்ல மனிதரின் பெயரும் போயிருக்கும். உங்களில் யாராவது இன்று ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவரும் கேட்கக் கூடாது என்று மன்றாடிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றாலும் மன்றாட்டை நிறுத்தாதீர்கள். பிழையாகவென்றாலும் கேளுங்கள். அவர் யாரையாவது அனுப்புவார். வருகிறவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.