மிஷின் மேல் போட்ட பழி

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘வலிக்காத அக்கா’ என்று பெயர். ஊசி உள்ளே போவதும் தெரியாது, வெளியே வருவதும் தெரியாது. பஞ்சை வைத்து அழுத்தச் சொன்ன பிறகுதான், "குத்தியாச்சா?" என்று கேட்பார்கள். பதினாறு வருடமாக அதே ஜன்னலோர நாற்காலி. பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்ட பெண் குழந்தைக்காக எடுத்த விடுப்பைத் தவிர ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றைக்கு மரத்துப்போன மனசு அப்படியே கிடந்தது. அழ வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கருத்தடை மாத்திரை. அட்டை தையல் டப்பாவில், பித்தான்களுக்கு அடியில் இருக்கும். கணவனிடம் மூச்சு விடவில்லை. அவன் இன்னொரு குழந்தைக்குக் காத்திருக்கிறான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் புதிதாக ஒரு வழக்கம். காலையில் ஆட்கள் வருமுன் ஊழியர்களில் ஒருவர் தன் இரத்தத்தைக் கொடுத்து மிஷினைச் சோதிக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை முதல் தடவையாக அவள் முறை. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு கொழுப்பு, தொள்ளாயிரத்துப் பத்து என்று வந்தது.

"குச்சி மாதிரி இருக்கா, இவளுக்குத் தொள்ளாயிரமா? மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்றார் தலைமை டெக்னீஷியன். அவர் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. மெக்கானிக் வந்து மூன்று நாள் மிஷினைக் கழற்றி மாட்டினார். வாயில்லாத மிஷின், பழியைச் சுமந்தது.

அவளுக்கு முதலிலேயே தெரியும். தன் இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த கண்ணாடிக் குழாயில், மேலே தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் கொழுப்பேறிப் பால்போல வெளுத்திருந்தது. யாரும் பார்க்குமுன் கழிவுத் தொட்டியில் போட்டாள். பயம் வரவில்லை. யாருடைய குழாயோ என்றிருந்தது.

நான்காம் நாள் டாக்டரிடம் போனாள். அங்கே மறுபடி இரத்தம் எடுத்தார்கள். குத்தியவருக்குக் கை பழகவில்லை. முழங்கை மடிப்பு கன்றிப்போனது. எண் மாறவில்லை.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

சொன்னாள்.

"அதுல இருக்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சில பேருக்குக் கொழுப்பை இப்படி ஏத்திவிட்டுரும். உங்க குடும்பத்துல யாருக்காவது இருக்கா?"

"அப்பாவுக்கு."

"அப்ப உடனே நிறுத்துங்க. இப்படியே விட்டா கணையம் வீங்கிடும், உயிருக்கே ஆபத்து. ஹார்மோன் இல்லாத வழியெல்லாம் இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டு வாங்க."

சாயங்காலம் அட்டையையும் ரிப்போர்ட்டையும் கணவன் முன்னால் வைத்தாள். "ஆறு வருஷமா உங்களுக்குத் தெரியாம சாப்பிட்டேன். இனிமே கூடாதாம்."

அவன் அட்டையைத் தொடவில்லை. "தெரியும். போன வருஷம் நீ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப இது தீர்ந்துபோச்சு. டப்பாவுல புதுசு இருந்துச்சே, யார் வச்சான்னு நினைச்சே?"

தானே வாங்கி வைத்து மறந்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

"அம்மா கேக்கிறப்பல்லாம் குறை என்கிட்டன்னு சொல்லிட்டேன். உனக்கு எப்ப மனசு வருதோ வரட்டும்னு இருந்தேன். கடைசில விஷத்தை நானே வாங்கிக் குடுத்திருக்கேன், பாரு." சொல்லிக்கொண்டே அவள் முழங்கையைப் பிடித்தான். கன்றிய இடம்.

"வலிக்குது," என்றாள்.

அவன் பதறிக் கையை எடுத்தான். அவள் அந்தக் கையை இழுத்து மறுபடி அங்கேயே வைத்துக்கொண்டு, ஒன்பது நாள் மட்டும் கூப்பிட்ட அந்தப் பெயரைச் சொல்லி அழுதாள்.