தாலுஸின் புருவம்

ரோமில் வழக்கறிஞர் நுமிசியுஸ் வீட்டில் விருந்தினருக்கு மது ஊற்றும் அடிமை தாலுஸ். குளிர்காலத்தில் ஒரு காலை, எழுந்தபோது அவன் முகம் கோணியிருந்தது. இடப்பக்கம் உணர்வற்றுத் தொங்க, வலப்புருவமும் உதடும் ஏறி நின்றன. பார்ப்பவருக்கு ஏளனம் செய்கிறான் என்றே தோன்றும்.

"வாதம்தான், தானாப் போயிடும்" என்றாள் அவனோடு வாழ்ந்த அரெஸ்கூசா. அதே வீட்டில் நூல் நூற்கும் அடிமை. "இன்னிக்கு மாடி விருந்துக்குப் போகாதய்யா."

"போகலைன்னா மட்டும் சும்மா விடுவாரா?"

அன்று நுமிசியுஸ் தான் எழுதிய கவிதையை விருந்தில் வாசித்தார். பாதியிலேயே ஒரு விருந்தாளி குலுங்கிச் சிரித்தார்.

"கவிதையை விடுப்பா, உன் ஆளைப் பாரு! அழுகின மீனை மோந்தவன் மாதிரி நிக்கிறான். நாங்க வாயத் திறக்கல, அவன் தீர்ப்பே சொல்லிட்டான்!"

நுமிசியுஸ் முகம் சிவந்தது. "புருவத்தை எறக்குடா."

"எறங்க மாட்டேங்குது எசமான். நோவு..."

"என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எங்கிட்டயே திமிரா?"

நீதிமன்றத்தில் எதிரியின் புருவ அசைவை வைத்தே அவன் குற்றவாளி என்று வாதிட்டு ஜெயிப்பவர் அவர். மறுநாளே தாலுஸை மாவு ஆலைக்கு அனுப்பினார்.

அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காலில் விலங்கோடு, கண் கட்டிய கழுதைகளுக்குப் பக்கத்தில் அவனும் கல்லை இழுத்துச் சுற்றினான். வசந்தம் வந்ததும் நோய் தானாகவே விட்டது. புருவம் இறங்கியது, வாய் நேரானது. கங்காணி இதைச் சொல்லி அனுப்ப, எசமான் அவனைத் திரும்ப வரவழைத்தார்.

"பாத்தீங்களா?" என்று அவன் தாடையைப் பிடித்து விருந்தாளிகளிடம் திருப்பிக் காட்டினார். "நாலு மாசம் ஆலைக்கல்லு. எப்பேர்ப்பட்ட திமிரும் எறங்கிடும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தாலுஸ் கிண்ணங்களை நிரப்பிவிட்டு அடுக்களைக்கு இறங்கினான்.

"அரெஸ்கூசா எங்கண்ணே?"

சமையல்காரன் கையிலிருந்த கீரையை விட்டுத் தலை நிமிரவில்லை. "எசமான் பொண்ணுக்குக் கல்யாணமாச்சில்ல. சீதனத்தோட அவளையும் கப்பல் ஏத்திட்டாங்க. ஆப்பிரிக்காவுக்கு."

தாலுஸ் சுவரில் சாய்ந்தான்.

"இங்க நின்னு அழுவாத. அவரு பாத்தா அதுக்கும் ஒரு அர்த்தம் சொல்லுவாரு. மது கேக்குறாங்க, போ."

தாலுஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனான். சாகும்வரை அந்த வீட்டில்தான் மது ஊற்றினான். அடக்கமான ஆள் என்று அவனுக்கு நல்ல பெயர்.